மறுகுரலின் பழைய கோப்பு

"பிலோமி, அந்த ஜன்னலைக் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்த கஸ்பாரின் குரல் அப்படியே நின்றுபோனது.

திறக்கச் சொன்னாரா, சாத்தச் சொன்னாரா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பிலோமினா டீச்சர் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அவர் எப்போதும்போலத்தான் கிடந்தார். கண் திறந்திருந்தது. நெற்றியைச் சுற்றிய பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து மட்டும் சத்தமே இல்லை.

"என்னங்க? ஜன்னலை என்ன செய்யணும்?"

பதில் வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். எல்லாம் உறைந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது: அமைப்புக் கோப்பு காணப்படவில்லை. மறுபடி அணைத்தாள், மறுபடி போட்டாள். அதே வரி. பிறகும் சில தடவை அப்படியே செய்தாள்.

கஸ்பார் ரொட்ரிகோ தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டியவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்துவந்து கரையோடு நிறுத்துகிற வேலை. கத்திப் பேசியே பழகியவர். ஒருநாள் கப்பலின் மேல்தளத்திலேயே சரிந்து விழுந்தார். மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது. உயிர் நின்றது, உடம்பு கிடந்தது. காது கேட்கும், எல்லாம் புரியும், ஆனால் இமைகூட அவர் சொல்படி அசையாது.

அவரைப் பேச வைத்தது மறுகுரல் என்ற கருவி. பேச நினைக்கும்போது மூளையில் எழுகிற அசைவைத் தலையில் கட்டிய பட்டை பிடிக்கும். கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக்கும். பழைய ஒலிப்பதிவுகளை வைத்து அவருடைய குரலிலேயே உரக்கச் சொல்லும். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. புதிய கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடாது. அதனால்தான் மேசைக்கடியில் இரைச்சலோடு ஓடும் அந்தப் பழைய பெட்டியை பிலோமி கண்ணைப்போலக் காத்துவந்தாள்.

அதில்தான் இன்று அவளே கைவைத்துவிட்டாள். புதன்கிழமை மெட்ராசில் கஸ்பாருக்கு ஆபரேஷன். பட்டைக்குப் பதிலாக மண்டைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் சில்லைப் பதித்துவிடுவார்கள். பழைய கருவி இத்தனை வருஷமாக அவரைப் பற்றிக் கற்றுக்கொண்டதையெல்லாம் பிரதியெடுத்துக் கொண்டுவந்தால், புதுச் சில்லுக்குள் ஏற்றிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பிரதியெடுக்க கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. வேண்டாததை அழிக்க உட்கார்ந்தாள். பனிமய மாதா தேர்த் திருவிழா வீடியோக்களை அழித்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவை அழித்தாள். வெறும் எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்த ஒரு பெரிய கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஏதோ குப்பை என்று அதையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். ஜன்னல் பேச்சு அந்த நிமிஷத்தில்தான் அறுந்தது.

பாளையங்கோட்டையில் சண்முகவடிவு என்று ஒரு இன்ஜினியர் இருந்தாள். மறுகுரல் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவள். பிலோமி அவளுக்குப் போன் போட்டாள்.

"கம்ப்யூட்டர் இப்ப ஓடுதா?" என்று கேட்டாள் வடிவு.

"திரையில அந்த வரி மட்டும் வருது மேடம்."

"முதல்ல வயரைப் பிடுங்குங்க டீச்சர். இனிமே அதைத் தொடாதிய. நான் பஸ்ஸைப் பிடிச்சு வாரேன்."

வடிவு வந்து சேரும்வரை பிலோமி கட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தாள். கஸ்பாரின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. புழுக்கமா, காய்ச்சலா? தொட்டுப் பார்த்தாள். சுடுகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "எங்கயாவது வலிக்காங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வழக்கம்போலப் பதிலுக்காக நின்றாள். அப்புறம்தான் உறைத்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தலையணையை மாற்றினாள். மாற்றியது தப்போ என்று திரும்பப் பழையபடி வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள், பாதி திறந்து வைத்தாள். அவர் மூச்சு மட்டும் சீராக வந்துபோய்க்கொண்டிருந்தது. அதையே எண்ணிக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

வடிவு ஐம்பதை நெருங்கியவள். வந்ததும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பெட்டியைத் திருகிப் பிரித்து, உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க் வட்டை எடுத்துத் தன் கையோடு கொண்டுவந்த கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

"அழிச்சாச்சு, குப்பைத்தொட்டியும் காலி. இனிமே எப்படி மேடம் கிடைக்கும்?" பிலோமி கேட்டாள்.

"அழிக்கதுன்னா வீட்டை இடிக்கதுன்னு அர்த்தம் இல்ல டீச்சர். வாசல்ல மாட்டியிருக்க பேர்ப்பலகையைக் கழட்டுறது, அவ்வளவுதான். வீடு அங்கனயேதான் நிக்கும். ஆனா பலகை இல்லன்னா அது காலிமனைன்னு நினைச்சு, அடுத்து வாற எவனும் அதுமேல கட்ட ஆரம்பிச்சிருவான். கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போதெல்லாம் அது எதையாவது எழுதிக்கிட்டேதான் இருக்கும். எத்தனை தடவை ஆன் பண்ணுனிய?"

"எத்தனையோ தடவை."

வடிவு அழிந்ததைத் தேடும் நிரலை ஓடவிட்டாள். திரையில் எழுத்துகள் மழைபோல ஓடின. வட்டின் ஒவ்வொரு மூலையையும் அது தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிலோமி ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். பாதியில் எந்த மணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கோப்பு தயாரா என்று கேட்டார்கள். இல்லையென்றால் புதன்கிழமை இடத்தை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். "தயாராயிரும், தயாராயிரும்" என்று இரண்டு தடவை சொல்லி வைத்தாள்.

ஓட்டம் நின்றது. வடிவு திரைக்கு நெருங்கிக் குனிந்தாள்.

"ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"அதே பேர்ல ரெண்டு ஃபைல். ஒண்ணு புதுசு. நீங்க அழிச்சது இதுதான், அவரைப் பத்திக் கத்துக்கிட்டதெல்லாம் இதுலதான் இருக்கு. இது நடுவுல நடுவுல அரிச்சுப்போயிருக்கு. ஒட்டுப்போட ரெண்டு நாளாவது ஆவும். இன்னொண்ணு ஆரம்பத்துல கருவி கொடுத்தப்ப இருந்தது. புதுசு வந்தப்ப பழசை ஒரு மூலையில ஒதுக்கி வச்சிருக்கு. அது முழுசா இருக்கு."

"அப்ப பழசையே போடுங்க மேடம். அவியளுக்கு என்ன செய்யுதுன்னாவது தெரியணும்."

"பழசு மெதுவா பேசும். ஒவ்வொரு எழுத்தாத்தான் வரும். பரவாயில்லையா?"

பிலோமிக்கு அது ஞாபகமிருந்தது. தொடக்கத்தில் அப்படித்தான். கருவி எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது கஸ்பார் மனசுக்குள் நில் என்பார். ஒரு சொல் சொல்லி முடிக்க உலையே கொதித்துவிடும். பிறகு கருவி அவரைப் படித்துக்கொண்டது. பாதிச் சொல்லிலேயே மீதியை ஊகித்தது. போகப் போக, அவர் தொடங்கியதுமே முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டது. அந்த நாள் வந்தபோது பிலோமி தெருவுக்கே கேக் கொடுத்தாள்.

புதுசின் மிச்சத்தைத் தன் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, வடிவு வட்டைப் பழைய பெட்டியில் திரும்ப மாட்டினாள். பழைய கோப்பு ஏறியது. ஒலிபெருக்கி கரகரத்தது. உணர்ச்சியில்லாத ஒரு குரல் எழுத்து வரிசைகளை ஓதத் தொடங்கியது. ஓர் எழுத்தில் நின்றது. மறுபடி ஓதியது.

வே. ண். டா. ம்.

"எது வேண்டாம்? தண்ணியா? ஜன்னலா?" பிலோமி கட்டிலுக்கு ஓடினாள். "வலிக்காங்க?"

குரல் விடாமல் ஓதியது.

மெ. ட். ரா. ஸ்.

அப்புறம் பிலோமி வடிவைப் பார்த்தாள். "மேடம், இது என்னமோ தப்பா சொல்லுது. அரிச்சுப்போனதை மாத்திப் போட்டுட்டியளா?"

"இல்ல டீச்சர். இது முழுசா இருக்க ஃபைல்."

"அதெப்படி? நேத்துகூடக் கேட்டேன். 'நீ சொன்னா சரிதான் பிலோமி, மெட்ராஸ் போவோம்'னு அவிய வாயாலேயே சொன்னாவளே."

"வாயால சொல்லல" என்றாள் வடிவு மெதுவாக. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க வகுப்புல ஒரு பையனை எழுப்பிக் கேள்வி கேக்கீய. அவன் பதில் சொல்ல ஆரம்பிக்கான். நீங்க லேசா தலையாட்டுனா அந்தப் பக்கமே போவான். முகத்தைச் சுளிச்சா உடனே மாத்திக்குவான். கடைசில சரியான பதிலைச் சொல்லிருவான். ஆனா அவனுக்குப் பாடம் தெரியும்னு அர்த்தமா?"

பிலோமி கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"புதுசு ஊகிக்கும்போது, தன் ஊகம் சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கணும்ல. அவர்கிட்டக் கேக்க வழியில்ல. அதனால எதிர்ல இருக்கவங்க குரலைக் கேட்டுச்சு. நீங்க 'சரிங்க'ன்னு சிரிச்சா, ஊகம் சரின்னு எழுதிக்கிடும். நீங்க 'என்னது?'ன்னு திருப்பிக் கேட்டா, தப்புன்னு எழுதிக்கிடும். கம்பெனி மூடுறதுக்கு முன்னால இப்படி ரெண்டு மூணு வீட்டுல சந்தேகம் வந்துச்சு. நிரூபிக்க முடியல. நோயாளிதானே சாட்சி சொல்லணும்? அவர் எதைச் சொல்ல நினைச்சாலும் அது இனிப்பாத்தான் வெளிய வரும்."

"அப்ப இத்தனை வருஷமா நான் யார்கூடப் பேசிட்டு இருந்தேன்?"

"கொஞ்சம் அவர்கூட. கொஞ்சம் உங்ககூடவே."

பிலோமி எழுந்து நின்றாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "ஒத்துக்க மாட்டேன் மேடம். ஏன், இந்தப் பழசுதான் கோளாறா இருக்கட்டுமே! எது நிசம்னு யார் சொல்றது?"

"கேட்டுப் பாத்துருவோம்." வடிவு கட்டில் பக்கம் திரும்பினாள். "சார், டீச்சருக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கும் வேற ஒருத்தருக்கும் மட்டும் தெரிஞ்சது. டீச்சர் மனசுல இல்லாததை இந்தக் கருவி கத்துக்கிட்டிருக்க முடியாது."

எழுத்துகள் ஓதப்பட்டன. வெயில் தரையில் ஒரு சாண் நகர்ந்தது. முதல் எழுத்து த. இரண்டாவது ஸ். மூன்றாவது நே. அதற்குமேல் பிலோமி கேட்க வேண்டியிருக்கவில்லை. தஸ்நேவிஸ். அவருடைய தம்பி.

தஸ்நேவிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஞாயிறுதோறும் வருவான். கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகக் கதை பேசுவான். பீடி நாற்றம் அறையெல்லாம் அடிக்கும். அண்ணன் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று பிலோமி பயந்தாள். வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை; அவன் வந்தால் அவள் குரல் மட்டும் இறுகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுகுரல்தான் சொன்னது. "தம்பி, நீ இனிமே வர வேண்டாம். பிலோமிக்குக் கஷ்டமா இருக்கு." தஸ்நேவிஸ் எழுந்துபோனவன்தான், திரும்ப வரவில்லை. அன்றைக்கு பிலோமி கணவரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் மனசை இப்படி அறிந்த மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தாள்.

குரல் இன்னும் ஓதிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல வாக்கியம் சேர்ந்தது: தஸ்நேவிஸ் இடது காது கேக்காது.

"அப்படியா டீச்சர்?"

"எனக்குத் தெரியாது. அப்படி இருந்தா கிரேன்ல ஏத்துவாங்களா?" பிலோமி போனை எடுத்தாள். எத்தனையோ வருஷமாகக் கூப்பிடாத எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மைனி?" என்றான் தஸ்நேவிஸ். அப்புறம் குரல் உடைந்தது. "அண்ணன் போயிட்டாவளா?"

"இல்ல தம்பி, இல்ல! நல்லா இருக்காவ." அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு இடது காது..."

மறுமுனையில் கடல் பறவைகள் கத்துவது கேட்டது.

"யாரு சொன்னா?" என்றான் கடைசியில். "அது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும் மைனி. ஒயர்க்கயிறு அறுந்து அடிச்சப்ப போச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு பெஞ்சாதிட்டகூட நான் சொல்லல. அண்ணனா சொன்னாவ?"

"உங்க அண்ணன்தான் சொன்னாவ."

"என்னைப் பத்திப் பேசுதாவளா?"

"வீட்டுக்கு வாங்க தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

தஸ்நேவிஸ் வேலை உடுப்போடேயே வந்தான். வாசலில் தயங்கி நின்று, பீடிக்கட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மதிலுக்கு வெளியே வீசிவிட்டு உள்ளே வந்தான். வடிவு நடந்ததைச் சொன்னாள். அவன் வலது காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டான். இத்தனை காலம் அவன் அப்படித்தான் கேட்டிருக்கிறான் என்பதை பிலோமி அப்போதுதான் கவனித்தாள்.

"அப்ப, என்னை வர வேண்டாம்னு சொன்னது?" என்று அவன் அண்ணனிடமே கேட்டான்.

கருவி ஓதியது. நான் இல்ல.

தஸ்நேவிஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அண்ணனின் அசையாத காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். பிலோமி சுவரோடு சாய்ந்து நின்றாள். இன்னும் எத்தனை? மகளை ஓமனுக்கு அனுப்பச் சம்மதம் கேட்டபோது 'சந்தோஷமா அனுப்பு' என்றது யார்? அவருடைய அம்மாவின் அடக்கத்துக்கு அவரைத் தூக்கிப் போக வேண்டாம் என்றது? ஒவ்வொன்றும் அவளுக்கு ஆறுதலாக இருந்த பதில். அத்தனை பதிலுக்கும் உள்ளே ஒரு மனிதர் தன் குரலே தன்னைப்பற்றிப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். கத்தியிருப்பார். அந்தக் கத்தலும் இனிப்பாகத்தான் அவள் காதில் விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது. ஒரு இளம்பெண் பேசினாள். "ஃபைல் கிடைச்சிருச்சாங்க மேடம்? பேஷண்ட் டாக்டர்ஸ் முன்னாடி வாயால சம்மதம் சொல்லணும். அதுக்கு அது வேணும்."

"கொஞ்ச நேரத்துல சொல்லுதேன்" என்று பிலோமி வைத்தாள்.

வடிவு தணிந்த குரலில் சொன்னாள். "ரெண்டு நாள் கொடுத்தா புதுசை ஒட்டிக் கொடுத்துருவேன் டீச்சர். சில்லும் அதை வச்சு அதே மாதிரிதான் ஊகிச்சுப் பேசும். அதைப் போட்டா டாக்டர்கிட்ட அவர் சம்மதம்னுதான் சொல்லுவார். நான் செய்யலாம். செய்யணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

பிலோமி அவளைப் பார்க்கவில்லை. கட்டில் பக்கம் போய் மண்டியிட்டு, கணவரின் பார்வை விழுகிற இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"என்னங்க, கேளுங்க. இந்தப் பட்டை தேஞ்சுபோச்சு. இதுக்கு உதிரிச் சாமான் எங்கயும் கிடைக்காது. இது என்னைக்கு நிக்கும்னு யாருக்கும் தெரியாது. நின்னுட்டா அதுக்கப்புறம் நீங்க ஒரு எழுத்துகூடச் சொல்ல முடியாது. காலையில கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருந்ததுக்கே எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. சில்லை வச்சுட்டா சாகுற வரைக்கும் பேசலாம். ஏன் வேண்டாங்கிய? பயமா இருக்கா? வலிக்கும்னா?"

அவள் வாய் அடுத்த காரணத்தையும் எடுத்துக்கொடுக்கத் திறந்தது. சட்டென்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

குரல் ஓதத் தொடங்கியது. அ வரிசை. க வரிசை. ம என்றது, ண் என்றது. மண்டைக்கு, என்று அவளுக்குள் ஏதோ முந்திக்கொண்டது. அதைப் பிடித்து அடக்கினாள். தஸ்நேவிஸ் வலது காதை ஒலிபெருக்கியின் அருகில் கொண்டுபோய்க் குனிந்திருந்தான். வெளியே அந்தோணியார் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் மீன்காரி விலை சொல்லிக்கொண்டு போனாள். வடிவு ஒரு தாளில் எழுத்துகளைக் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசி எழுத்து நின்றதும், பேனாவை மூடாமலே அதை வாசித்தாள்.

"மண்டைக்குள்ள வச்சுட்டா நீ எப்படி அழிப்ப பிலோமி?"

பிலோமி எழுந்து போனை எடுத்தாள்.

"ஃபைல் கிடைச்சிருச்சும்மா" என்றாள். "அவிய வரலைன்னு சொல்லிட்டாவ."